ஒரு மானும் ஐந்து அம்புகளும்

வால்மீகி முனிவரின் வாழ்வில் ஒரு வேடனின் அம்பு குறுக்கிட்டது. இணைபிரியாது களித்திருந்த கிரௌஞ்சப் பறவைகளுள் ஒன்று அந்த அம்பினால் வீழ்ந்தது. அப்போது முனிவரின் உள்ளத்தில் பொங்கிய சோகமே சுலோகமாகி, பின்னர் ராமாயணமாக விரிந்தது என்பது நம் மரபு. அங்கே அம்பை எய்தவன் ஒருவன். இரக்கம் கொண்டவர் வேறொருவர். எய்தவனே இரங்கியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? தன் வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு தன் நெஞ்சிலேயே வந்து தைக்குமானால், ஒரு மனிதனின் வாழ்வு எந்தத் திசையில் திரும்பும்?

பாரத வரலாற்றில் அத்தகைய ஒருவர் வாழ்ந்தார். சிறு வயதில் ஒரு மானை வீழ்த்திய துயரத்தால் அவர் வில்லைத் துறந்து பைராகியானார். முப்பத்தெட்டாம் வயதில் தம் குருநாதரின் கையிலிருந்து ஐந்து அம்புகளைப் பெற்றுக்கொண்டு மீண்டும் போர்க்களம் புகுந்தார். நாற்பத்தாறு வயது நிறையுமுன் டில்லியில் தம் உயிரை அர்ப்பணித்தார். பந்தா சிங் பகதூர் என்றும், பந்தா பைராகி என்றும் மக்கள் போற்றும் அம்மாவீரரின் வாழ்க்கை, கருணைக்கும் கடமைக்கும் உள்ள உறவைப் பற்றி ஆழ்ந்து சிந்திக்க வைப்பதாகும்.

மலைச்சாரலில் ஓர் இளைஞன்

காஷ்மீரப் பள்ளத்தாக்கிற்குத் தெற்கே அரணாக நிற்பது பீர் பஞ்சால் மலைத்தொடர். அதன் தென்சரிவில் அமைந்த ஊர் ரஜௌரி. லாகூரிலிருந்து காஷ்மீரத்திற்குச் சென்ற மொகலாய மன்னர்களின் பரிவாரங்கள் அவ்வூர் வழியாகவே மலையேறின. அங்கே 1670-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் ராம் தேவ் என்ற ராஜபுத்திர உழவரின் இல்லத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. லட்சுமண தேவ் என்று அதற்குப் பெயரிட்டனர்.

மலைநாட்டு உழவரின் பிள்ளை ஏட்டைக் காட்டிலும் ஏரையும் குதிரையையும் வில்லையுமே அதிகம் பழகினான். அவற்றுள்ளும் வில் அவனைப் பெரிதும் ஈர்த்தது. குதிரையேற்றத்திலும் குறி தவறாது எய்வதிலும் அவன் வல்லவனாக வளர்ந்தான். வேட்டை அவனுக்கு உயிரினும் இனிய பொழுதுபோக்காயிற்று.

வில்லைக் கொண்டு மானை வேட்டையாடுவது எளிய செயலன்று. அம்பு செல்லும் தூரம் குறைவு. ஆகவே வேட்டைக்காரன் விலங்கிற்கு மிக அருகில் செல்ல வேண்டும். காற்று வீசும் திசையை அறிந்து, தன் உடல் வாடை மானை எட்டாதவாறு எதிர்ப்புறமாக நகர வேண்டும். காலடியில் ஒரு சருகும் நொறுங்கக் கூடாது. பொழுது சாயும் வேளையில் மான்கள் மறைவிடம் விட்டு மேய வரும்வரை, அசையாமல், மூச்சையும் அடக்கிக் காத்திருக்க வேண்டும். தியானத்தை விளக்க வந்த உபநிடதம் வில்லையும் அம்பையும் இலக்கையும் உவமையாகக் கொண்டது தற்செயலன்று. ஒருமுகப்பட்ட மனம் இல்லாதவனுக்கு வில் வசப்படாது. அந்த ஒருமைப்பாடு அவ்விளைஞனிடம் இயல்பாகவே இருந்தது. ஆனால் அது எதற்குப் பயன்பட வேண்டும் என்பதை அவன் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

அன்றைய வேட்டை

லட்சுமண தேவுக்கு அப்போது சுமார் பதினைந்து வயது. வழக்கம்போல் வேட்டைக்குச் சென்றவன் ஒரு பெண்மானைக் கண்டான். நாண் அதிர்ந்தது, அம்பு தைத்தது, மான் வீழ்ந்தது. வேட்டைக்காரனின் கண்ணுக்கு அது ஒரு வெற்றி, அவ்வளவே.

வீழ்ந்த மானைப் பக்குவப்படுத்துவதற்காக அதன் வயிற்றைக் கீறியபோதுதான் அவன் திடுக்கிட்டான். அந்த மான் சினையுற்றிருந்தது. உள்ளே இரண்டு குட்டிகள் இருந்தன. அவை இன்னும் உயிரோடு இருந்தன. உலகைக் கண் திறந்து காணும் முன்பே, தாயின் கதகதப்பிலிருந்து வெளியே எடுக்கப்பட்ட அவ்விரு சிறு உடல்களும் அவன் கண்ணெதிரே துடித்தன. சிறிது நேரத்தில் அத்துடிப்பும் அடங்கியது.

அவன் அதற்கு முன்பும் மான்களைக் கொன்றவன்தான். குருதி அவனுக்குப் புதிதன்று. ஆயினும் அதுவரை அவன் கண்டது இலக்கை மட்டுமே. அன்று முதன்முறையாக ஒரு தாயைக் கண்டான். தன் கை ஓர் உயிரை எய்தபோது, தான் அறியாமலேயே மேலும் இரண்டு உயிர்களை அழித்திருந்தது. ஒரு செயல் செய்பவன் கண்ட எல்லையோடு நின்றுவிடுவதில்லை, அது அவன் காணாத இடங்களுக்கும் சென்று தைக்கிறது என்ற உண்மையை எந்தச் சாத்திரமும் கற்பிக்காமலே அவன் கற்றுக்கொண்டான்.

அத்தகைய காட்சியைக் கண்டு சிறிது நேரம் வருந்துபவர் பலர். சில நாட்கள் உணவு செல்லாமல் தவித்து, பிறகு பழைய வழக்கத்திற்கே திரும்புபவர்களும் உண்டு. அதனை மயான வைராக்கியம் என்பர் பெரியோர். சுடுகாட்டில் பிறக்கும் அந்தத் துறவுணர்வு, வீட்டு வாசலை அடைவதற்குள் மறைந்துவிடும். லட்சுமண தேவின் வைராக்கியம் அவ்வாறு மறையவில்லை. அவன் வேட்டையை விட்டான். அதன் பின் வீட்டையும் விட்டான்.

மாதோ தாஸ்

ரஜௌரி வழியே யாத்திரை சென்ற வைணவத் துறவியரின் தொடர்பு அவருக்குக் கிடைத்தது. ஜானகி பிரசாத் என்ற பைராகித் துறவியைச் சரணடைந்து மாதோ தாஸ் என்ற பெயரைப் பெற்றார். பின்னர் கசூர் நகருக்கு அருகிலுள்ள ராம் தம்மன் தலத்தில் ராம் தாஸ் என்ற பைராகியிடமும் சிறிது காலம் சீடராக இருந்தார். புலால் உண்ணாமை, ராம நாம ஜபம், ஓரிடத்தில் தங்காத யாத்திரை என்று அவரது இளமை கழிந்தது. வடக்கே பஞ்சாபிலிருந்து தெற்கு நோக்கி நடந்து, ஸ்ரீராமபிரானின் திருவடி பட்ட நாசிக் பஞ்சவடியை அடைந்தார்.

அங்கே ஔகட் நாத் என்ற யோகியிடம் அவர் பணிவிடை செய்தார். யோகப் பயிற்சிகளும் மந்திர தந்திரங்களும் அவருக்கு அங்கே கைவந்தன. யோகி மறைந்த பின்னர் மாதோ தாஸ் கோதாவரிக் கரையிலுள்ள நாந்தேட் என்ற ஊருக்கு வந்து ஆசிரமம் அமைத்தார். சீடர்கள் சேர்ந்தனர். அவருடைய சித்திகளைப் பற்றிய செய்தி எங்கும் பரவியது. மக்கள் அவரை வணங்கினர், அஞ்சவும் செய்தனர்.

இங்கேதான் சாதகர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உள்ளது. மானுக்காக உருகிய நெஞ்சம் அவரைத் துறவியாக்கியது. ஆண்டுகள் செல்லச் செல்ல அத்துறவின் இடத்தில் ஆற்றலின் பெருமிதம் வந்து அமர்ந்தது. தம்மைக் காண வரும் சாதுக்களைத் தம் சித்தியால் அச்சுறுத்தி அவர் மகிழ்ந்ததாகச் சீக்கிய மரபு நூல்கள் கூறுகின்றன. அவர் அமரும் கட்டிலில் வேறு எவரேனும் அமர்ந்தால், மந்திர வலிமையால் அதனைக் கவிழ்த்து அவர்களைக் கீழே தள்ளுவாராம். புலாலை விட்டவர் புகழை விடவில்லை. வில்லைத் துறந்த கை, பிறரை வீழ்த்தும் வேறொரு கருவியைப் பற்றிக்கொண்டிருந்தது. பதஞ்சலி முனிவர் சித்திகளைச் சமாதிக்கு இடையூறு என்று எச்சரித்ததன் பொருள் இதுவே.

குருவின் வருகை

1707-இல் ஔரங்கசீப் மறைந்தார். அடுத்து அரியணை ஏறிய பகதூர் ஷா தக்காணம் நோக்கிப் படையுடன் சென்றபோது, சீக்கியர்களின் பத்தாவது குருவான குரு கோவிந்த சிங்கும் அவ்வழியே பயணம் செய்தார். 1708-இல் அவர் நாந்தேட் வந்து சேர்ந்தார்.

குருவின் வாழ்வு அப்போது தியாகத்தின் உச்சத்தில் இருந்தது. அவருடைய தந்தையார் குரு தேக் பகதூர் 1675-இல் டில்லியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். மூத்த புதல்வர் இருவர் சம்கௌர் போரில் வீழ்ந்தனர். பால்மணம் மாறாத இளைய புதல்வர்கள் ஜோராவர் சிங்கும் ஃபதே சிங்கும் சிர்ஹிந்த் நகரில் கொல்லப்பட்டனர். சமயம் மாற மறுத்த அச்சிறுவர்களை உயிரோடு சுவரில் வைத்துக் கட்டினர் என்று மரபு கூறும். அந்தத் தண்டனையை நிறைவேற்றியவன் சிர்ஹிந்தின் ஆளுநன் வசீர் கான். மாலேர்கோட்லாவின் நவாப் ஷேர் முகம்மது கான் மட்டும், குழந்தைகளைக் கொல்வது இஸ்லாத்திற்கும் அடாது என்று அந்தச் சபையில் எதிர்ப்புத் தெரிவித்தார். அவர் குரல் எடுபடவில்லை.

1708 செப்டம்பரில் ஒரு நாள் குரு மாதோ தாஸின் ஆசிரமத்திற்கு எழுந்தருளினார். ஆசிரமத் தலைவர் அங்கே இல்லை. குரு நேராகச் சென்று அவருடைய கட்டிலில் அமர்ந்தார். உடன் வந்த சீடர்கள் ஆடுகளை வெட்டி அவ்விடத்திலேயே சமைக்கத் தொடங்கினர்.

செய்தி கேட்டு விரைந்து வந்த மாதோ தாஸின் சினத்திற்கு அளவேயில்லை. தம் இருக்கையை ஒருவர் கைப்பற்றியது அவருடைய பெருமையைத் தாக்கியது. உயிர்க்கொலை நிகழ்ந்தது அவருடைய துறவின் வேரையே தாக்கியது. மடிந்த மானும் அதன் குட்டிகளும் மீண்டும் அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். தாம் கற்ற மந்திரங்கள் அனைத்தையும் ஏவி அவர் கட்டிலைக் கவிழ்க்க முயன்றார். கட்டில் அசையவில்லை. அதில் அமர்ந்திருந்தவரின் முகத்தில் இருந்த அமைதியும் குலையவில்லை.

தம் ஆற்றல் அனைத்தும் ஓய்ந்த அந்த நொடியில் மாதோ தாஸின் அகந்தையும் ஓய்ந்தது. நீர் யார் என்று குரு வினவியபோது, தாம் அவருடைய பந்தா, அதாவது அடிமை, என்று விடையளித்துக் கால்களில் விழுந்தார். எந்தப் பட்டமும் பெறாத அந்த ஒரு சொல்லே அவருக்குப் பெயராயிற்று. அன்று முதல் அவர் பந்தா சிங்.

குரு ஏன் அவ்வாறு செய்தார் என்று கேட்கத் தோன்றலாம். மானுக்காகப் பிறந்த கருணை ஆசிரமத்தின் அடுக்களை விதியாகச் சுருங்கியிருந்தது. அதன் எல்லைக்கு வெளியே மக்கள் வதைக்கப்பட்டார்கள், குழந்தைகள் கொல்லப்பட்டார்கள். தம் முற்றத்தில் சிந்திய குருதிக்குப் பொங்கியவர், பஞ்சாபின் வயல்களில் சிந்திய குருதியை அறியாதிருந்தார். அந்த வேலியை உடைப்பதே குருவின் நோக்கமாக இருந்தது எனலாம். பஞ்சாபில் நிகழ்ந்தவற்றைக் குருவின் திருவாயால் கேட்டபோது பந்தா சிங்கின் உள்ளம், ரஜௌரி மலைச்சரிவில் உருகியதுபோலவே மீண்டும் உருகியது.

ஐந்து அம்புகள்

அதே நாட்களில் குரு கோவிந்த சிங் மீது கொலைத் தாக்குதல் நிகழ்ந்தது. படுகாயமுற்ற நிலையிலும் அவர் தம் புதிய சீடரைப் பஞ்சாபிற்கு அனுப்ப ஆயத்தம் செய்தார். ஒரு முரசு, ஒரு கொடி, பஞ்சாபின் சீக்கியர்களுக்கு எழுதிய ஆணை ஓலைகள், ஆலோசனை கூற ஐந்து மூத்த சீடர்கள், உடன் செல்லச் சுமார் இருபது வீரர்கள். இவற்றோடு தம் தூணியிலிருந்து ஐந்து அம்புகளை எடுத்து அவர் கையில் அளித்தார்.

அம்பு தொட்ட பாவத்திற்காக உலகையே துறந்தவர் அவர். இருபது ஆண்டுகளுக்கு மேல் வில்லைத் தொடாதவர். அந்தக் கரத்திலேயே குரு அம்புகளை வைத்தார். குருக்ஷேத்திரத்தில் காண்டீபம் நழுவ, இரக்கத்தால் தேர்த்தட்டில் அமர்ந்த அர்ஜுனனும் இத்தகைய நிலையிலேதான் இருந்தான். வில்லை எடு என்று பகவான் கூறியது பகையை வளர்ப்பதற்காகவன்று. தான் செய்பவன் என்ற எண்ணத்தை விட்டு, இறைவனின் கையில் கருவியாக நிற்பதற்காகவே. சிறுவனாக இருந்தபோது லட்சுமண தேவ் எய்த அம்பு அவனுடைய இன்பத்திற்காகப் பறந்தது. பந்தா சிங் பெற்ற அம்புகளோ அவருடையவை அல்ல. அவை குருவின் சொத்து; அவற்றை ஏந்தும் அடிமை மட்டுமே அவர்.

1708 அக்டோபர் 7-ஆம் நாள் குரு கோவிந்த சிங் நாந்தேடில் ஜோதியில் கலந்தார்.

சிர்ஹிந்த்

வடக்கே புறப்பட்டபோது பந்தா சிங்குடன் இருந்தவர் சிலரே. டில்லிக்கு மேற்கே சென்றதும் குருவின் ஓலைகள் ஊர் ஊராகப் பரவின. உழவர்கள், தச்சர்கள், தோல் தொழிலாளர்கள் என்று அதுவரை ஆயுதம் ஏந்தாத எளிய மக்கள் அணியணியாக வந்து சேர்ந்தனர். அவர்களிடம் பீரங்கி இல்லை, யானை இல்லை. ஈட்டியும் வாளும் கொண்டவர்கள் சிலர். அரிவாளோடும் தடியோடும் வந்தவர்கள் பலர்.

1709 நவம்பரில் சமானா வீழ்ந்தது. குரு தேக் பகதூரின் சிரத்தை வெட்டிய கொலையாளியின் ஊர் அது. அடுத்து சதௌரா. குரு கோவிந்த சிங்கின் நண்பராக இருந்த ஒரே காரணத்திற்காக பீர் புத்து ஷா என்ற இஸ்லாமிய ஞானியைக் கொன்ற உஸ்மான் கானின் ஊர் அது. ஒரு சூஃபிப் பெரியாருக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்கும் நீதி கேட்டது அந்தப் படை.

1710 மே 12-ஆம் நாள் சப்பர் சிரி என்ற இடத்தில் பந்தா சிங்கின் உழவர் படையும் வசீர் கானின் படையும் மோதின. முதலில் பீரங்கிகளின் முன் உழவர் படை தடுமாறியது. மேட்டிலிருந்து நிலைமையைக் கண்ட பந்தா சிங் தாமே முன்னணியில் பாய்ந்தார். வசீர் கான் களத்தில் மாண்டான். இரண்டு நாட்களில் சிர்ஹிந்த் நகரம் பந்தா சிங்கின் கைக்கு வந்தது.

வெற்றி பெற்றவர் என்ன செய்கிறார் என்பதிலேயே அவருடைய உள்ளம் வெளிப்படும். சிவாலிக் மலையடிவாரத்திலிருந்த முக்லிஸ்கட் கோட்டையை அவர் தலைநகராக்கி லோககட் என்று பெயர் சூட்டினார். நாணயம் அச்சிட்டார், அதில் தம் பெயரைப் பொறிக்கவில்லை. குரு நானக், குரு கோவிந்த சிங் ஆகியோரின் திருநாமங்களையே பொறித்தார். பசித்தோருக்கு உணவளிக்கும் பாத்திரமும் எளியோரைக் காக்கும் வாளும் அவருடைய முத்திரையில் சொல்லாக இடம்பெற்றன. தலைமுறை தலைமுறையாக நிலத்தை உழுதும் அதில் உரிமையற்றிருந்த குடியானவர்களை அந்த நிலத்திற்கு உடைமையாளர்களாக்கினார். அரசராகும் வாய்ப்பு வந்தபோதும் அவர் அடிமையாகவே இருந்தார்.

வெற்றியின் நிழல்

ஆயினும் போர் என்பது கையில் பிடித்து நிறுத்தக்கூடிய அம்பு அன்று. நெடுங்காலம் ஒடுக்கப்பட்ட மக்கள் எழுந்தபோது, அவர்களுடைய சினம் குற்றவாளிகளோடு நின்றுவிடவில்லை. சமானாவிலும் சிர்ஹிந்திலும் பெரும் கொள்ளையும் கொலையும் நிகழ்ந்தன. குற்றமற்றவர்களும் மாண்டனர். அன்றைய பாரசீக வரலாற்றாசிரியர்கள் அதைக் கடுமையான சொற்களில் எழுதி வைத்துள்ளனர். பகைவர்கள் எழுதியது என்று அவற்றை முற்றிலும் ஒதுக்கிவிட இயலாது. ஒருவனை நோக்கி எய்த அம்பு, எய்தவன் காணாத உயிர்களையும் அழிக்கும் என்று ரஜௌரியில் கற்ற பாடம் இங்கே மிகக் கொடிய வடிவில் திரும்பி வந்தது.

பந்தா சிங் அப்பாடத்தை மறந்துவிட்டவர் அல்லர் என்பதற்கும் சான்றுகள் உண்டு. 1710 டிசம்பரில், லோககட் கோட்டையை மொகலாயப் பெரும்படை கைப்பற்றி அவர் மலைகளுக்குள் தப்பிச் சென்ற அதே மாதத்தில், கிழக்கே ஜௌன்பூரில் வாழ்ந்த சீக்கியர்களுக்கு அவருடைய ஓலை ஒன்று எழுதப்பட்டது. ஒருவரையொருவர் அன்புடன் நடத்துமாறும், திருட்டையும் பிறன்மனை நாட்டத்தையும் போதைப் பொருட்களையும் விலக்குமாறும் அது அறிவுறுத்துகிறது. புலாலையும் மீனையும் தவிர்க்குமாறும் அதில் கூறப்பட்டுள்ளது. நாடெங்கும் தேடப்பட்டு, படை சிதறி, நாளை உயிரோடு இருப்போமா என்று அறியாத நிலையிலும், மடிந்த அந்த மானுக்குச் செய்த நேர்ச்சையை அவர் கைவிடவில்லை. இத்தகைய கட்டுப்பாடுகளை எல்லாச் சீக்கியர்களும் ஏற்கவில்லை என்பதும், பின்னாளில் அதனாலும் கருத்து வேற்றுமைகள் எழுந்தன என்பதும் வரலாறு.

1711-இல் கலானௌர் பகுதியில் அவர் தங்கியிருந்தபோது அங்கிருந்த இஸ்லாமியர்களுக்குத் தீங்கு செய்வதில்லை என்று உறுதியளித்தார். அவர்களுள் பலர் அவருடைய படையில் சேர்ந்தனர். அவர்கள் தொழுகை நடத்தத் தடை இருக்கவில்லை. மொகலாய அரசவைக்கு வந்த செய்திக் குறிப்புகளே இதைத் தெரிவிக்கின்றன. தம் போர் கொடுங்கோன்மைக்கு எதிரானது, ஒரு சமயத்திற்கு எதிரானது அன்று என்பதை அவர் நடைமுறையில் காட்டினார்.

முற்றுகை

பகதூர் ஷா 1712-இல் லாகூரில் மறைந்தார். அடுத்த ஆண்டு அரியணை ஏறிய ஃபரூக்சியர், பந்தா சிங்கை அழிப்பதை முதற்கடமையாகக் கொண்டார். லாகூர் ஆளுநர் அப்துஸ் சமத் கானின் தலைமையில் பெரும்படை திரண்டது. 1715-இல் குர்தாஸ்பூருக்கு அருகிலுள்ள குர்தாஸ் நங்கல் என்ற சிற்றூரில் பந்தா சிங் வளைக்கப்பட்டார்.

எட்டு மாத முற்றுகை. தானியம் தீர்ந்தது. குதிரைகளையும் எருதுகளையும் உண்டனர். புல்லையும் இலையையும் மரப்பட்டையையும் உண்டனர். எலும்பை அரைத்து மாவாக்கி விழுங்கினர். நோயில் பலர் மாண்டனர். உள்ளே கருத்து வேற்றுமை எழுந்து, மூத்தவரான பினோத் சிங் தம்மவருடன் முற்றுகையை ஊடுருவி வெளியேறினார். எஞ்சியவர்கள் நிற்கவும் வலுவற்று வீழ்ந்திருந்தபோதுதான், 1715 டிசம்பர் 7-ஆம் நாள், மொகலாயர் உள்ளே நுழைய முடிந்தது.

டில்லி

1716 பிப்ரவரி இறுதியில் சிறைப்பட்டவர்கள் டில்லித் தெருக்கள் வழியே கொண்டு செல்லப்பட்டனர். ஈட்டிகளில் செருகிய தலைகள் முன்னே சென்றன. யானை மீது ஓர் இரும்புக் கூண்டில் பந்தா சிங் அமர்த்தப்பட்டிருந்தார். விலங்கிடப்பட்ட எழுநூறு பேர் பின்தொடர்ந்தனர். வேடிக்கை பார்த்தவர்கள் எள்ளி நகையாடினர். கைதிகளின் முகத்தில் துயரமோ அச்சமோ இருக்கவில்லை என்று நேரில் கண்டவர்கள் எழுதியுள்ளனர்.

மார்ச் 5-ஆம் நாள் தொடங்கி, நாளொன்றுக்கு நூறு பேர் வீதம் சிரச்சேதம் செய்யப்பட்டனர். சமயத்தை விட்டுவிட்டால் உயிர் பிழைக்கலாம் என்று ஒவ்வொருவருக்கும் கூறப்பட்டது. ஒருவர்கூட இணங்கவில்லை. அப்போது டில்லியில் தங்கியிருந்த ஆங்கிலக் கம்பெனியின் தூதர்கள் தம் மேலிடத்திற்கு எழுதிய கடிதத்தில் இதை வியப்புடன் குறிப்பிட்டனர். ஓர் இளைஞனின் தாய், தன் மகன் சீக்கியனே அல்லன் என்று முறையிட்டு விடுதலை ஆணையும் பெற்று வந்தாள். மகனோ, தான் குருவின் சீடன் என்றும், தாயின் சொல் உண்மையன்று என்றும் கூறி மீண்டும் கொலைக்களம் சென்றான். கஃபி கான் என்ற மொகலாய வரலாற்றாசிரியர் இதனைப் பதிவு செய்துள்ளார்.

1716 ஜூன் 9-ஆம் நாள் பந்தா சிங்கின் முறை வந்தது. டில்லிக்குத் தெற்கே மெஹ்ரௌலியில், குவாஜா குத்புதீன் பக்தியார் காகியின் சமாதிக்கு அருகே அவர் அமர்த்தப்பட்டார். அவருடைய மகன் அஜய் சிங்குக்கு நான்கு வயது. அக்குழந்தை தந்தையின் மடியில் வைக்கப்பட்டது. தந்தையின் கையில் கத்தியைக் கொடுத்து மகனைக் கொல்லுமாறு ஆணையிட்டனர். அவர் மறுத்தார். அவர் கண்ணெதிரே, அவர் மடியிலேயே, குழந்தை கொல்லப்பட்டது. அதன் இதயத்தை அவர் வாயில் திணித்தனர். அவர் அசையாது அமர்ந்திருந்தார். பின்னர் அவருடைய கண்கள் தோண்டப்பட்டன. பழுக்கக் காய்ச்சிய இடுக்கிகளால் தசை பிடுங்கப்பட்டது. இறுதியில் சிரம் வெட்டப்பட்டது.

அதற்கு முன் முகம்மது அமீன் கான் என்ற அமைச்சர் அவரிடம் ஒரு கேள்வி கேட்டதாகக் கஃபி கான் எழுதுகிறார். முகத்தில் இவ்வளவு அறிவொளி திகழும் ஒருவர், இத்தனை அழிவைச் செய்து, தமக்கே இந்த முடிவைத் தேடிக்கொண்டது ஏன் என்பது அந்தக் கேள்வி. மனிதர்கள் வரம்பு மீறித் தீமை செய்யும்போது அவர்களைத் தண்டிக்க இறைவன் தம்மைப் போன்ற ஒருவனை ஏவுகிறான் என்றும், பிறகு அந்த ஒருவனின் செயல்களுக்கு உரிய பலனை அளிக்க வேறொருவரை ஏவுகிறான் என்றும் பொருள்படப் பந்தா சிங் அமைதியாக விடை கூறினாராம்.

அந்த விடையில் தற்பெருமையும் இல்லை, தன்னிரக்கமும் இல்லை. தம் கையால் நிகழ்ந்த நன்மைக்கு அவர் உரிமை கொண்டாடவில்லை. தம் கையால் நிகழ்ந்த தீமைக்குச் சமாதானமும் தேடவில்லை. வினையின் பலன் வினை செய்தவனுக்கே என்பதை ஏற்று, அதை இறைவனின் கையிலிருந்து பெற்றுக்கொண்டார். தம் செயலுக்குத் தாமே பொறுப்பேற்கும் இந்த நேர்மை, ஒரு மானின் அருகே மண்டியிட்டு அழுத இளைஞனிடம் அன்றே அரும்பியிருந்தது.

மாறாத நெஞ்சம்

பந்தா சிங்கின் தியாகத்தை ரவீந்திரநாத தாகூர் வங்க மொழியில் கவிதையாக்கினார். சப்பர் சிரிப் போர்க்களத்தில் 328 அடி உயர வெற்றிக் கோபுரம் ஒன்று 2011-இல் திறக்கப்பட்டது. மெஹ்ரௌலியில் அவர் உயிர் நீத்த இடத்தில் குருத்வாரா உள்ளது. உலகம் அவரை வீரர் என்று போற்றுகிறது. அது பொருத்தமே.

ஆன்மிக சாதகர்களுக்கோ அவருடைய வாழ்வு வேறு சிலவற்றையும் கற்பிக்கிறது. முதலாவது, கருணை ஒரு நாள் கண்ணீரோடு முடிந்துவிடக் கூடாது. அது வாழ்வையே மாற்ற வேண்டும். இரண்டாவது, கருணையால் பிறந்த துறவும் விழிப்பில்லையேல் அகந்தைக்கு இரையாகிவிடும். புலால் மறுத்தலும் ஜபமும் தவமும் மட்டும் ஒருவரை அந்த ஆபத்திலிருந்து காப்பதில்லை. அதற்குக் குருவருள் வேண்டும். மூன்றாவது, துன்புறும் உயிர்களை மறந்து தன் தூய்மையை மட்டும் காத்துக்கொள்வது முழுமையான துறவு ஆகாது. நான்காவது மிகக் கடினமானது. பிறரைக் காக்க எழும் செயலும் குற்றமற்றதாக இருப்பது அரிது. ஆகவே அச்செயலைச் செய்பவர், அதன் பலன் எதுவாயினும் பணிவுடன் ஏற்கத் தம்மை ஆயத்தப்படுத்திக்கொள்ள வேண்டும்.

ரஜௌரியில் பிறக்காமலே மடிந்த இரண்டு மான்குட்டிகளுக்காக ஓர் இளைஞன் வில்லைக் கீழே வைத்தான். சிர்ஹிந்தில் மடிந்த இரண்டு குழந்தைகளின் துயரம் கேட்டு அவரே மீண்டும் வில்லை எடுத்தார். இரண்டும் ஒரே நெஞ்சத்தின் செயல்கள். அந்த நெஞ்சம் இறுதியில் தன் சொந்தக் குழந்தையின் குருதியில் நனைந்தபோதும், தான் இறைவனின் பந்தா என்பதை மறக்கவில்லை.